ஜெர்மனி விசா கெடச்சாச்சா? கார்டு கைக்கு வர்ற வரைக்கும் பண்ண வேண்டிய வேலை

போன செப்டம்பர் கடைசில ஒரு நாள் ராத்திரி பத்தரை மணிக்கு ஒரு தம்பி போன் பண்ணான், தஞ்சாவூர் பக்கத்து பையன், மாஸ்டர்ஸ் படிக்க ஏப்ரல்ல இங்க வந்தவன். "அண்ணா, பாஸ்போர்ட்ல விசா இன்னும் நாலு நாள்ல முடியுதுண்ணா, ஆனா நான் அடுத்த செமஸ்டருக்கும் காசு கட்டிட்டேன், அதனால தானா நீட்டிருவாங்கல்ல?"ன்னு கேட்டான். எனக்கு தூக்கமே போச்சு. தானா எதுவும் நீளாது. யூனிவர்சிட்டி வேற, ஃபாரினர்ஸ் ஆபீஸ் வேற, ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் கேட்டு நம்ம வேலைய முடிச்சு வெக்க மாட்டாங்க. இவன் மட்டும் இல்ல, வருஷத்துக்கு அஞ்சாறு பேராவது இதே மாதிரி கடைசி வாரத்துல தான் கூப்புடுறாங்க, அதனால தான் ஒக்காந்து முழுசா எழுதுறேன், ஜெர்மனிக்கு படிக்கவோ வேலைக்கோ கெளம்புறவங்க ஒரு தடவ பொறுமையா படிச்சுருங்க.

மொதல்ல ஒண்ணு தெளிவாயிருங்க. சென்னைல வாங்கி பாஸ்போர்ட்ல ஒட்டுற ஸ்டிக்கர் இருக்குல்ல, டி விசா, அது உள்ள வர்றதுக்கான அனுமதி தான். பல பேருக்கு மூணு மாசம் இல்லன்னா ஆறு மாசத்துக்கு தருவாங்க, சில பேருக்கு ஒரு வருஷம் கூட வரும். இங்க தங்குறதுக்கு தனியா ரெசிடென்ஸ் பர்மிட் வாங்கணும், ஆதார் சைஸ்ல ஒரு கார்டு, அத குடுக்கறது நீங்க குடியிருக்க ஊரோட ஃபாரினர்ஸ் ஆபீஸ், ஜெர்மன்ல அவுஸ்லேண்டர்பெஹோர்டே. பெர்லின்ல இதுக்கு எல்.இ.ஏ ன்னு தனி டிபார்ட்மென்ட், மியூனிக்ல கே.வி.ஆர் ன்னு சொல்வாங்க. விசா முடியுறதுக்குள்ள இந்த ஆபீஸ்ல அப்ளிகேஷன் விழுந்துருக்கணும். டூரிஸ்ட் ஷெங்கன் விசால வந்துட்டு இங்கயே ஸ்டூடன்ட்டா மாத்திக்கலாம்னு யாராவது ஏஜென்ட் சொன்னா நம்பாதீங்க, இந்திய பாஸ்போர்ட்டுக்கு அது நடக்காது, 180 நாள்ல 90 நாள் இருந்துட்டு திரும்ப வேண்டியது தான், மறுபடி ஊர்ல இருந்து டி விசா போடணும்.

சரி, ஊர்ல இருக்கும்போதே முடிக்க வேண்டியது என்னன்னு பாப்போம். நம்மூர்க்காரங்களுக்குன்னே இருக்கற பெரிய பிரச்சனை பேரு. நமக்கு குடும்பப் பேர் கெடையாது, இனிஷியல் தான். மார்க்‌ஷீட்ல 'கே. அருண்'னு இருக்கும், பாஸ்போர்ட்ல 'அருண் குமாரசாமி'ன்னு மொத்தமும் கிவன் நேம்ல போயிருக்கும், சர்நேம் எடம் காலியா கெடக்கும், டிகிரில 'அருண் கே'ன்னு வேற வரும். இங்க எல்லா ஃபார்ம்லயும் குடும்பப் பேர் ஒரு கட்டம், சொந்தப் பேர் ஒரு கட்டம், ரெண்டுமே காலியா விட முடியாது. சர்நேம் இல்லாதவங்களுக்கு ஒரு ஆபீஸ்ல ஒரு மாதிரி, பேங்க்ல வேற மாதிரி, இன்சூரன்ஸ்ல மூணாவது மாதிரி ஏத்திருவாங்க, அப்புறம் இவரும் அவரும் ஒரே ஆள் தான்னு நீங்க ஊர் ஊரா நிரூபிச்சுட்டு இருக்கணும். அதனால சர்நேம் காலியா இருக்கற பாஸ்போர்ட்னா அப்ளிகேஷன் எதையும் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ரீஇஷ்யூ போட்டு அப்பா பேர சர்நேம்ல கொண்டு வந்துருங்க. பாஸ்போர்ட் நம்பர் மாறிரும் அதனால இத மொதல் வேலையா பண்ணணும், அட்மிஷன் லெட்டர் வந்ததுக்கு அப்புறம் பண்ணா எல்லா பேப்பரும் மறுபடி மாத்தணும். எக்ஸ்பைரியும் பாருங்க, பர்மிட்ட பாஸ்போர்ட் முடியுற தேதிக்கு மேல குடுக்க மாட்டாங்க. ரெண்டு வருஷ கோர்ஸுக்கு வர்றவங்க பாஸ்போர்ட்ல பதினாலு மாசம் தான் பாக்கி இருந்தா கார்டும் பதினாலு மாசம் தான் வரும், அப்புறம் மறுபடி ஃபீஸ், மறுபடி க்யூ.

படிக்க வர்றவங்களுக்கு ஏ.பி.எஸ் சர்டிஃபிகேட் கண்டிப்பா வேணும், 2022 நவம்பர் 1ல இருந்து இந்தியால கட்டாயம் ஆக்கிட்டாங்க, கட்டணம் 18,000 ரூபா. உங்க மார்க்‌ஷீட் எல்லாம் அசல் தானான்னு பாத்து சர்டிஃபிகேட் தருவாங்க, இதுக்கு வாரக்கணக்குல ஆகும், அட்மிஷன் வரட்டும்னு காத்திருக்காம இத மொதல்ல போட்டுருங்க. அடுத்து பிளாக்டு அக்கவுன்ட், அதாவது செலவுக்கு பணம் இருக்குன்னு காட்ட முன்கூட்டியே போட்டு பூட்டி வெக்கற அக்கவுன்ட். 2024 செப்டம்பர்ல இருந்து வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டு காட்டணும், இங்க வந்ததும் மாசம் 992 யூரோ வெளிய எடுக்கலாம், அதுக்கு மேல வராது. இந்தப் பணத்த யாரோ கடனா ஒரு மாசத்துக்கு போட்டு குடுப்பாங்கன்னு நம்பி வராதீங்க, ஏன்னா அடுத்த வருஷம் பர்மிட் நீட்டிக்கறப்ப மறுபடி பணம் எங்கன்னு கேப்பாங்க, அந்த நேரத்துல திண்டாடுற பசங்கள நெறைய பாத்துட்டேன். அந்த 992லயே வாடகை, சாப்பாடு, இன்சூரன்ஸ் எல்லாம் அடங்கணும், மியூனிக் மாதிரி ஊர்ல ரூம் வாடகைக்கே முக்கால்வாசி போயிரும், அதையும் வீட்ல ஒளிக்காம சொல்லிட்டு கெளம்புங்க.

டி விசாவுக்கு ஃபீஸ் 75 யூரோ, அத ரூபாயா கட்டணும். சென்னைல வி.எஃப்.எஸ்னு விசா அப்ளிகேஷன் வாங்கற சென்டர்ல கைரேகை குடுக்கணும். 2025ல இருந்து அப்ளிகேஷன ஆன்லைன்லயே கான்சுலர் போர்ட்டல்ங்கற ஜெர்மன் அரசு வெப்சைட்ல ஏத்துற வசதி வந்துருச்சு. இதுல ஒரு முக்கியமான மாத்தம் நெறைய பேருக்கு தெரியல, முன்னாடி விசா ரிஜெக்ட் ஆனா காசில்லாம ஒரு மேல்முறையீடு லெட்டர் எழுதலாம், ரெமான்ஸ்ட்ரேஷன்னு பேரு, 2025 ஜூலை 1ல இருந்து அத எடுத்துட்டாங்க. இப்ப ரிஜெக்ட் ஆனா ஒண்ணு புதுசா அப்ளை பண்ணணும் இல்ல பெர்லின்ல கோர்ட்டுக்கு போகணும். அதனால 'மொதல்ல போட்டு பாப்போம், கொறை சொன்னா அப்புறம் பாத்துக்கலாம்'ங்கற பேச்சே வேண்டாம். மோட்டிவேஷன் லெட்டர ஏஜென்ட் கிட்ட குடுத்து எழுதாதீங்க, அந்த கோர்ஸ் ஏன், முடிச்சுட்டு என்ன பண்ண போறேன்னு உங்க வாயால என்ன சொல்வீங்களோ அதையே எழுதுங்க, பேட்டில கேட்டா அதே பதில் தான் வரணும்.

விசா ஒட்டுன பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அங்கயே நின்னு ஸ்டிக்கர படிங்க. பேரு, பாஸ்போர்ட் நம்பர், எந்த தேதில இருந்து எந்த தேதி வரைக்கும், கீழ ஜெர்மன்ல வேலை பத்தி ஒரு வரி இருக்கும் அதையும் போட்டோ எடுத்து யார்ட்டயாவது கேட்டு புரிஞ்சுக்கோங்க. முடியுற தேதிய போன் காலண்டர்ல போட்டு, அதுக்கு பத்து வாரம் முன்னாடி ஒரு அலாரம் வெச்சுருங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட் எதுவும் செக்-இன் பெட்டில போடக்கூடாது, கைப்பைல தான்.

இப்ப இங்க வந்து எறங்கியாச்சு. எல்லாத்துக்கும் அடித்தளம் வீட்டு அட்ரஸ். ஒரு வீட்டுக்கு குடி போன ரெண்டு வாரத்துக்குள்ள அந்த ஊர் ஆபீஸ்ல அட்ரஸ் பதியணும், அன்மெல்டுங்னு சொல்வாங்க. இது இல்லாம டாக்ஸ் நம்பர் வராது, பல பேங்க்ல அக்கவுன்ட் தெறக்க முடியாது, ஃபாரினர்ஸ் ஆபீஸ் உங்கள கண்டுக்கவே கண்டுக்காது ஏன்னா எந்த ஊர் ஆபீஸுக்கு நீங்க சேர்ந்தவர்ங்கறதே இந்த அட்ரஸ வெச்சு தான். பதியறதுக்கு வாடகை அக்ரிமென்ட் போதாது, வீட்டுக்காரர் ஒரு பக்க ஃபார்ம்ல கையெழுத்து போட்டு தரணும், வோனுங்ஸ்கேபர்பெஸ்டேடிகுங், வாய்ல நொழையலன்னாலும் இந்த ஒரு வார்த்தைய எழுதி வெச்சுக்கோங்க. ரூம் பாக்கும்போதே மொதல் கேள்வியா "அன்மெல்டுங் பண்ணலாமா"ன்னு கேளுங்க. முடியாதுன்னு சொன்னா வாடகை எவ்ளோ கம்மியா இருந்தாலும் அந்த ரூம் உங்களுக்கு ஒதவாது, ஒரு மாசம் தற்காலிகமா தங்கிக்கலாம் அவ்ளோ தான். அதே மாதிரி "நான் வெளிநாட்ல இருக்கேன், அட்வான்ஸ் அனுப்பு, சாவிய கூரியர்ல அனுப்புறேன்"னு வர்ற விளம்பரம் எல்லாம் ஏமாத்து வேலை, ஊர்ல இருந்தே காச அனுப்பி ஏமாந்தவங்க ஏராளம். அட்வான்ஸும் சட்டப்படி மூணு மாச அடிப்படை வாடகைக்கு மேல கேக்க முடியாது.

அடுத்து லெட்டர் பாக்ஸ். இத படிச்சுட்டு சின்ன விஷயம்னு கடந்து போயிராதீங்க. நான் வந்த புதுசுல ஒரு வீட்ல உள் வாடகைக்கு இருந்தேன், மூணாவது மாடி, கீழ வாசல்ல பன்னெண்டு தகரப் பெட்டி வரிசையா இருக்கும், ஒவ்வொண்ணுலயும் பேர் ஒட்டிருக்கும், எங்க பெட்டில வீட்டுக்காரர் பேர் மட்டும் தான் இருந்துச்சு. நம்மூர்ல மாதிரி கதவு நம்பர், ஃப்ளாட் நம்பர் பாத்து போஸ்ட்மேன் போட்டுருவார்னு நெனச்சேன். இங்க பெரும்பாலான வீட்டுக்கு ஃப்ளாட் நம்பரே கெடையாது, பெட்டில பேர் இருந்தா தான் லெட்டர், இல்லன்னா அப்பிடியே திருப்பி அனுப்பிருவாங்க. என் டாக்ஸ் நம்பர் லெட்டர் திரும்பி போச்சு, இன்சூரன்ஸ் கார்டு திரும்பி போச்சு, கடைசில ஃபாரினர்ஸ் ஆபீஸ்ல இருந்து வந்த அப்பாயின்ட்மென்ட் லெட்டரும் திரும்பி போச்சு, நான் என்னன்னா அவங்க தான் பதில் போடலன்னு ஒன்றரை மாசம் காத்துக்கிட்டு இருந்தேன். அப்புறம் எதிர் வீட்டு பாட்டி தான் பெட்டிய காட்டி "உன் பேர் எங்க?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கே ஒரு காகிதத்துல பேர எழுதி செல்லோடேப் போட்டு ஒட்டுனேன். சாவி வாங்குன நிமிஷமே ஒட்டுங்க, பாஸ்போர்ட்ல என்ன ஸ்பெல்லிங்கோ அதே ஸ்பெல்லிங்ல, செல்லப் பேரு வேண்டாம்.

ஹெல்த் இன்சூரன்ஸ் பத்தி சுருக்கமா சொல்றேன். முப்பது வயசுக்குள்ள இருக்கற ஸ்டூடன்ட்ஸ் அரசு சார்ந்த பொது இன்சூரன்ஸ்லயே சேருங்க, டி.கே, ஏ.ஓ.கே, பார்மர் இப்பிடி நெறைய இருக்கு, எதுவா இருந்தாலும் சரி. யூனிவர்சிட்டில சேர இன்சூரன்ஸ் கம்பெனி எம்10 ன்னு ஒரு தகவல நேரடியா யூனிவர்சிட்டிக்கு அனுப்பணும், அத அனுப்ப சொல்லி நீங்க தான் கேக்கணும். கொறஞ்ச காசுன்னு பிரைவேட் பக்கம் போயிட்டா படிப்பு முடியுற வரைக்கும் திரும்பி வர முடியாத மாதிரி மாட்டிக்கும், மாசம் அம்பது யூரோ மிச்சம் பாக்கப் போய் பின்னாடி பெருசா அழறவங்க உண்டு.

அட்ரஸ் பதிஞ்சாச்சு, இன்சூரன்ஸ் ஆச்சு, உடனே பர்மிட் அப்ளிகேஷன். விசா முடிய இன்னும் நாள் இருக்கேன்னு தள்ளிப் போடாதீங்க, பெரிய ஊர்கள்ல அப்பாயின்ட்மென்ட்டுக்கே ரெண்டு மூணு மாசம் ஆயிருது. சில ஊர்ல ஆன்லைன் ஃபார்ம், சில ஊர்ல ஈமெயில், சில ஊர்ல இன்னமும் தபால் தான், உங்க ஊர் வெப்சைட்ட மட்டும் நம்புங்க, வேற ஊர்ல இருக்கற ஃப்ரெண்டு சொன்னது உங்க ஊருக்கு பொருந்தாது. பாஸ்போர்ட், விசா பக்கம், அன்மெல்டுங் பேப்பர், இன்சூரன்ஸ் சர்டிஃபிகேட், யூனிவர்சிட்டில சேர்ந்த பேப்பர் இல்லன்னா வேலை கான்ட்ராக்ட், பணம் இருக்கறதுக்கு ஆதாரம், வாடகை அக்ரிமென்ட், இவ்ளோ தான் பெரும்பாலும் கேப்பாங்க. போட்டோ இப்பல்லாம் டிஜிட்டலா தான் எடுத்துக்கறாங்க, 2025 மே மாசத்துல இருந்து பேப்பர் போட்டோ செல்லாது. முதல் கார்டுக்கு ஃபீஸ் 100 யூரோ. நேர்ல போய் கைரேகை வெச்ச அப்புறம் கார்டு பெர்லின்ல அச்சாகி வரணும், அதுக்கும் சில வாரம் ஆகும்.

இப்ப அந்த தம்பி விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா இது தான் எல்லாரையும் ராத்திரி தூங்க விடாம பண்றது. அப்பாயின்ட்மென்ட் கெடைக்கல, விசா முடியப் போகுது, என்ன பண்றது? சட்டம் இதுல நம்ம பக்கம் தான் இருக்கு. ரெசிடென்ஸ் சட்டத்துல 81வது பிரிவுன்னு ஒண்ணு, அதுல நாலாவது உட்பிரிவு என்ன சொல்லுதுன்னா, கைல இருக்கற டி விசாவோ பர்மிட்டோ முடியுறதுக்கு முன்னாடி நீங்க நீட்டிப்புக்கு அப்ளை பண்ணிட்டா, ஆபீஸ் முடிவு சொல்ற வரைக்கும் பழசு அப்பிடியே செல்லும், அதோட வேலை செய்யுற உரிமையும் சேத்து. இதுல முக்கியமான நாள் அப்ளிகேஷன் போய் சேர்ந்த நாள் தான், அப்பாயின்ட்மென்ட் என்னைக்கு கெடச்சாலும் பரவால்ல. அதனால அன்னைக்கு ராத்திரியே அவன ஒக்கார வெச்சு, இருக்கற பேப்பர் எல்லாம் ஸ்கேன் பண்ணி, அவன் ஊர் ஆபீஸோட ஆன்லைன் ஃபார்ம்ல ஏத்த வெச்சேன், ஒரு மணிக்கு கன்ஃபர்மேஷன் மெயில் வந்துச்சு. மறுநாள் அதையே பிரிண்ட் எடுத்து ரிஜிஸ்டர் தபால்லயும் அனுப்ப சொன்னேன். ஒரு பேப்பர் கொறஞ்சாலும் பரவால்ல பின்னாடி அனுப்பலாம், ஆனா தேதி தாண்டிட்டா அப்புறம் ஆபீஸ் மனசு வெச்சா தான் உண்டு. வெறும் அப்பாயின்ட்மென்ட் புக் பண்ணி வெச்சுட்டு அப்ளை பண்ணதா நெனைக்காதீங்க, "எனக்கு பர்மிட் நீட்டிச்சு தாங்க"ன்னு எழுத்துல போயிருக்கணும்.

அப்ளை பண்ணதுக்கு அத்தாட்சியா ஃபிக்ட்சியோன்ஸ்பெஷைனிகுங்னு ஒரு மடிப்பு பேப்பர் தருவாங்க, தரலன்னா கேட்டு வாங்குங்க. அது கைக்கு வந்ததும் மூணாவது பக்கத்த தெறங்க, அங்க மூணு கட்டம் இருக்கும், எதுல டிக் இருக்குன்னு பாக்கணும். மூணாவது கட்டம், அதாவது 81, உட்பிரிவு 4, அதுல டிக் இருந்தா ஊருக்கு போயிட்டு பாஸ்போர்ட்டோட திரும்பி வரலாம். முதல் ரெண்டுல இருந்தா ஜெர்மனிய விட்டு வெளிய போகாதீங்க, அத வெச்சு திரும்பி உள்ள வர முடியாது. கல்யாணம், காரியம்னு அவசரத்துல டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இந்த கட்டத்த பாத்துருங்க. ஏர்லைன் கவுன்டர்ல இந்த பேப்பர் தெரியாதவங்க இருப்பாங்க, அதனால பழைய கார்டு இல்லன்னா விசா பக்கத்தையும் கூட காட்டுங்க, முடிஞ்சா நேர் ஃப்ளைட்டா பாருங்க.

வேலை செய்யுற ஸ்டூடன்ட்ஸ், வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள், 2024 மார்ச்ல இருந்து இது தான் கணக்கு, நாலு மணி நேரம் வரைக்கும் அரை நாள். நோட்டு போட்டு எழுதி வெச்சுக்கோங்க, முதலாளி "யார் கேக்கப் போறா"ன்னு சொல்வார், பர்மிட் நீட்டிக்கறப்ப கேக்கறது உங்கள தான். ஃப்ரீலான்ஸ், சொந்த பிசினஸ் எல்லாம் ஸ்டூடன்ட் பர்மிட்ல தனி அனுமதி இல்லாம கூடாது, யூடியூப்ல காசு வந்தாலும் கேட்டுட்டு பண்ணுங்க. கார்டு வந்ததும் அதோட ஒரு பச்சை கலர் சின்ன தாள் தருவாங்க, ட்சுசாட்ஸ்பிளாட், வேலை நிபந்தனை எல்லாம் அதுல தான் அச்சடிச்சுருக்கும், அத தொலைச்சுட்டு கார்ட மட்டும் பர்ஸ்ல வெச்சுட்டு திரியாதீங்க. வீடு மாறுனா புது ஊர் ஆபீஸ்ல அட்ரஸ் மாத்துறப்ப கார்டுலயும் மாத்தி வாங்குங்க.

படிப்பு முடிச்சவங்களுக்கு வேலை தேட 18 மாசம் பர்மிட் உண்டு, அந்த நேரத்துல எந்த வேலையும் செய்யலாம். வேலைக்கு நேரா வர்றவங்க ப்ளூ கார்டுக்கு பாருங்க, டிகிரி படிச்சவங்களுக்கான வேலை பர்மிட் அது, 2025ல வருஷ சம்பளம் 48,300 யூரோ இருக்கணும்னு இருந்துச்சு, ஐ.டி, இன்ஜினியரிங், டாக்டர் மாதிரி ஆள் பத்தாத துறைக்கும் புதுசா படிச்சு முடிச்சவங்களுக்கும் 43,759.80, இது வருஷா வருஷம் மாறும். வெளிநாட்டு படிப்ப மதிப்பிடுற அனபின்ங்கற லிஸ்ட்ல உங்க காலேஜ் ஹெச் பிளஸ்னு, அதாவது அங்கீகாரம் உள்ளதுன்னு இருக்கான்னும், உங்க டிகிரியும் அதுல ஏத்துக்கப்பட்டிருக்கான்னும் ஆஃபர் வாங்கறதுக்கு முன்னாடியே பாருங்க. ப்ளூ கார்டு வாங்குன மொத பன்னெண்டு மாசத்துல கம்பெனி மாறுனா ஃபாரினர்ஸ் ஆபீஸுக்கு சொல்லணும். 27 மாசத்துல நிரந்தர பர்மிட்டுக்கு போடலாம், ஜெர்மன் மொழில பி1ங்கற நடுத்தர லெவல் இருந்தா 21 மாசம், அதனால வந்த மொத வருஷமே சாயங்கால கிளாஸ்ல சேருங்க, பின்னாடி கல்யாணம் கொழந்தன்னு ஆனப்புறம் நேரம் கெடைக்கறது கஷ்டம். ப்ளூ கார்டு இருக்கறவங்க மனைவியோ கணவரோ வர்றதுக்கு ஜெர்மன் பரிட்சை தேவையில்ல, வந்தப்புறம் அவங்களும் தாராளமா வேலைக்கு போகலாம், ஆனா கல்யாணத்த ஊர் சார்பதிவாளர் ஆபீஸ்ல ரிஜிஸ்டர் பண்ணிருக்கணும், கோயில் ரசீது, மண்டப போட்டோ எதுவும் ஆகாது.

இன்னொண்ணு, ஊருக்கு போயி அம்மா அப்பா கூட கொஞ்ச நாள் இருக்கணும்னு நெனச்சா ஆறு மாச கணக்க மறக்காதீங்க. சாதா பர்மிட்ல தொடர்ந்து ஆறு மாசத்துக்கு மேல வெளிய இருந்தா கார்டுல தேதி இருந்தாலும் செல்லாம போயிரும், ப்ளூ கார்டுக்கு அது பன்னெண்டு மாசம். அப்பாவுக்கு ஆபரேஷன், அம்மாவ பாத்துக்க ஆளில்லன்னு லேட்டாகும்போல இருந்தா அந்த ஆறு மாசம் முடியுறதுக்கு முன்னாடியே இங்க ஆபீஸுக்கு காரணம் எழுதி அவகாசம் கேளுங்க, ஆஸ்பத்திரி பேப்பர் இணைச்சு அனுப்புங்க, கேட்டா குடுக்கறாங்க.

அந்த தம்பிக்கு நவம்பர் ரெண்டாவது வாரம் பேப்பர் வந்துச்சு, வாங்குன ஒடனே ஆபீஸ் வாசல்ல நின்னு மூணாவது பக்கத்த போட்டோ எடுத்து அனுப்புனான், மூணாவது கட்டத்துல டிக். பொங்கலுக்கு தஞ்சாவூர் போயிட்டு வந்துட்டான், சென்னை ஏர்போர்ட் கவுன்டர்ல இருபது நிமிஷம் நிக்க வெச்சாங்களாம், பழைய விசா பக்கத்தையும் சேத்து காட்டுனதும் விட்டுட்டாங்க.